நவம்பர் 14: ஒரே தேதியில் பிறந்தவர்களும் குழந்தைகளின் உயிர் காத்த மருந்தும்

நாள்காட்டியின் தாளைக் கிழிக்கும்போது அதன் அடியில் அச்சிட்டிருக்கும் சிறு குறிப்புகளை நாம் அனைவரும் படித்திருப்போம். இன்னாருடைய பிறந்தநாள், இன்ன ஆண்டில் இன்ன நிகழ்ச்சி, இன்று இன்ன தினம் என்று இரண்டு மூன்று வரிகள் இருக்கும். நவம்பர் 14ஆம் தேதிக்குரிய தாளில் இரண்டு குறிப்புகள் அருகருகே இடம்பெறுவது வழக்கம். ஒன்று குழந்தைகள் தினம். மற்றொன்று உலக நீரிழிவு தினம். முன்னது இந்தியாவின் முதல் பிரதமரின் பிறந்தநாள். பின்னது கனடா நாட்டு மருத்துவர் ஒருவரின் பிறந்தநாள். இருவரும் ஒரே தேதியில் பிறந்தது தற்செயலே. எனினும், நீரிழிவுப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு இந்த இரண்டு தினங்களையும் பிரித்துப் பார்க்க இயல்வதில்லை. அதற்குரிய காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வழியில், அதே தேதியைப் பகிர்ந்துகொள்ளும் வேறு சில மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் சந்திப்போம்.

முதலில் தேதிப் பொருத்தங்களைப் பற்றி ஒரு சொல். ஆண்டுக்கு 365 நாள்கள் இருக்கும்போது இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைவது அரிது என்று நமக்குத் தோன்றும். கணக்கோ வேறு விதமாக இருக்கிறது. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களுள் எவரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குமேல் வந்துவிடுகிறது. ஆதலால் ஒரு பெரிய பொது வார்டில் ஒரே தேதியில் பிறந்த இருவர் இருப்பதில் வியப்பதற்கு ஏதுமில்லை. எந்தத் தேதியை எடுத்துக்கொண்டாலும் அதில் பிறப்பும் இறப்பும், நன்மையும் தீமையும் கலந்தே இருக்கும். நவம்பர் 14ஆம் தேதியும் அப்படிப்பட்டதுதான்.

1666: நாய்க்குச் செலுத்திய குருதி

லண்டன் மாநகரில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்னும் அரசு அலுவலர் எழுதிவைத்த நாட்குறிப்பு, வரலாற்று ஆய்வாளர்கள் பெரிதும் மதிக்கும் ஆவணமாகும். 1666 நவம்பர் 14ஆம் தேதியிட்ட குறிப்பில், ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தில் ஒரு நாயின் குருதியை மற்றொரு நாயின் உடலில் செலுத்திய சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டதை அவர் பதிவுசெய்திருக்கிறார். குருதியைக் கொடுத்த நாய் இறந்தது. பெற்ற நாய் பிழைத்தது.

அடுத்த ஆண்டிலேயே பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஆட்டின் குருதியை மனிதருக்குச் செலுத்திப் பார்த்தனர். சிலர் தப்பினர். ஆயினும் பாரிஸில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து வழக்கு எழுந்தது. இம்முயற்சிக்குத் தடையும் வந்தது. 1901ஆம் ஆண்டில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளைப் பிரித்துக் காட்டிய பிறகே பாதுகாப்பான குருதியேற்றத்திற்கு வழி பிறந்தது. இன்று குருதியேற்றும் முன் செவிலியர் நோயாளியின் பெயரையும் குருதி வகையையும் இருமுறை சரிபார்ப்பதைப் பார்த்து, 'எத்தனை தடவைதான் கேட்பார்கள்?' என்று உறவினர் சலித்துக்கொள்வதுண்டு. ஏறத்தாழ 235 ஆண்டுகள் மருத்துவ உலகம் தட்டுத் தடுமாறிக் கற்ற பாடமே அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

1840: கண்புரையோடு போராடிய ஓவியர்

புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1840 நவம்பர் 14 அன்று பாரிஸில் பிறந்தார். தம் தோட்டத்துக் குளத்தில் மலர்ந்த அல்லிகளை அவர் நூற்றுக்கணக்கான ஓவியங்களாகத் தீட்டினார். 1912ஆம் ஆண்டில் அவருக்கு இரு கண்களிலும் கண்புரை இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சைக்கு அவர் அஞ்சினார். நிறங்கள் மங்கி, யாவும் பழுப்பேறித் தெரிந்தன. வண்ணக் குழாய்களின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தே நிறத்தைத் தெரிந்தெடுக்கும் நிலைக்கு வந்தார். மருத்துவம் பயின்றவரும் பிரான்சின் பிரதமராக இருந்தவருமான அவருடைய நண்பர் கிளெமான்சோ பலமுறை வற்புறுத்திய பின்னரே, 1923 ஜனவரியில், தம் 82ஆம் வயதில், வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டார். சிறப்புக் கண்ணாடிகளின் துணையோடு மீண்டும் தூரிகையைப் பிடித்தார். 1926இல் மறையும்வரை பணியை விடவில்லை.

அறுவைக்கு முன் கழிந்த 11 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்துச் சிகிச்சை கடினமானது; நாள்கணக்கில் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அவருடைய அச்சத்திற்கு நியாயம் இருந்தது. இன்றோ கண்புரையை நீக்கி, கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தி, பெரும்பாலும் அன்றைய தினமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஆயினும் 'இன்னும் முற்றட்டும்' என்று ஆண்டுகளைக் கழிப்போர் பலர். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்புரை சற்று முன்னதாகவே வரக்கூடும். அதைவிட முக்கியமாக, விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் வலியின்றியே பழுதுபடும். பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கொருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

1889: ஒரு பயணமும் ஒரு பிறப்பும்

1889 நவம்பர் 14 அன்று நெல்லி பிளை என்னும் இளம் பத்திரிகையாளர் ஒரே ஒரு கைப்பையுடன் நியூயார்க் துறைமுகப் பகுதியிலிருந்து கப்பலேறி உலகைச் சுற்றப் புறப்பட்டார். வழியில் கொழும்பிலும் சில நாள்கள் தங்கினார். 72 நாள்களில் பயணத்தை முடித்துத் திரும்பினார். மருத்துவர்களாகிய நாங்கள் அவரை நினைவுகூர்வது வேறொரு செயலுக்காக. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், மனநலம் குன்றியவர் போல நடித்து நியூயார்க்கின் மனநலக் காப்பகம் ஒன்றில் சேர்ந்து, 10 நாள்கள் உள்ளே இருந்து, அங்கு பெண்கள் பட்ட துன்பத்தை அவர் எழுதினார். கெட்டுப்போன உணவு, பனிபோல் குளிர்ந்த நீரில் குளியல், அடி, ஏச்சு ஆகிய அனைத்தும் வெளிவந்தன. விசாரணை நடந்தது, காப்பகங்களுக்கான நிதியும் உயர்ந்தது. நோயாளியின் சொல்லையும் சாட்சியாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு அவருடைய எழுத்து ஒரு தொடக்கமாக அமைந்தது.

நெல்லி பிளை கப்பலேறிய அதே நாளில், அதே ஆண்டில், அலகாபாத்தில் ஜவஹர்லால் நேரு பிறந்தார். குழந்தைகள்பால் அவர் கொண்டிருந்த அன்பினால் அவருடைய பிறந்தநாளையே இந்தியாவில் குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஐக்கிய நாடுகள் சபை அனுசரிக்கும் உலகக் குழந்தைகள் தினம் நவம்பர் 20 ஆகும்.

இதே தேதியில் நிகழ்ந்த மேலும் சிலவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். உலகெங்கும் சிறுவர்கள் விரும்பிப் படிக்கும் கதைகளை எழுதிய சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1907இல் பிறந்தார். 1922இல் பிபிசி வானொலி தன் அன்றாட ஒலிபரப்பைத் தொடங்கியது. 1940இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம் ஜெர்மானிய விமானக் குண்டுவீச்சில் சிதைந்தது. 1948இல் இன்றைய பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் சார்லஸ் பிறந்தார். 2024இல் தமக்குப் புற்றுநோய் இருப்பதை அவர் வெளிப்படையாக அறிவித்தார். 1969இல் புறப்பட்ட அப்பல்லோ 12 விண்கலத்தை, ஏறிய ஒரு நிமிடத்திற்குள் இருமுறை மின்னல் தாக்கியது. ஆயினும் அது நிலவில் இறங்கிப் பத்திரமாகத் திரும்பியது. 2008இல், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 1இன் மோதுகலம், மூவண்ணக் கொடி தீட்டப்பட்ட தன் உடலோடு நிலவின் தென்துருவப் பகுதியில் விழுந்தது.

1891: ஆலிஸ்டன் கிராமத்துப் பிள்ளை

நேரு பிறந்து சரியாக 2 ஆண்டுகள் கழித்து, 1891 நவம்பர் 14 அன்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆலிஸ்டன் என்னும் ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிரெடரிக் பான்டிங் பிறந்தார். முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிக் காயமுற்றார். போர் முடிந்து திரும்பித் தொடங்கிய மருத்துவத் தொழில் நன்றாக நடக்கவில்லை. 1920 அக்டோபர் இறுதியில் ஓரிரவு, கணையத்தைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு உறக்கம் வராமல் படுத்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கணையத்தின் செரிமானச் சுரப்புகளைத் தவிர்த்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் உட்சுரப்பை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா என்பதே அது.

டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மக்லியாட் அவருக்கு ஆய்வகமும், சோதனைக்குரிய நாய்களும், உதவியாளராக சார்லஸ் பெஸ்ட் என்னும் இளைஞரையும் தந்தார். 1921ஆம் ஆண்டுக் கோடையில் ஆய்வு தொடங்கியது. ஆண்டின் இறுதியில் உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் இணைந்து, எடுத்த சாற்றைத் தூய்மைப்படுத்தும் முறையைக் கண்டார். இன்சுலின் கிடைத்தது. 1923ஆம் ஆண்டு நோபல் பரிசு பான்டிங்கிற்கும் மக்லியாடுக்கும் அளிக்கப்பட்டது. பான்டிங் தம் பரிசுத் தொகையைப் பெஸ்ட்டுடனும், மக்லியாட் தம் பங்கைக் காலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் மிக இளையவர் இன்றளவும் பான்டிங்கே. காப்புரிமையை அவர்கள் பல்கலைக்கழகத்திற்கு ஒரு டாலர் என்னும் அடையாளத் தொகைக்குக் கொடுத்துவிட்டனர். 1941இல் ஒரு விமான விபத்தில் பான்டிங் காலமானார்.

ஊசியால் உயிர் பெற்ற குழந்தைகள்

இன்சுலின் வருவதற்கு முன் குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு என்பது மரணத்தின் மறுபெயராக இருந்தது. நோய் தெரிந்த பின் சில வாரங்கள், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகள். அக்காலத்தில் இருந்த ஒரே வழி பட்டினிச் சிகிச்சை. உணவை மிகமிகக் குறைத்து, சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொண்டு, நாள்களை நீட்டிப்பார்கள். குழந்தை நோயால் இறக்குமா பசியால் இறக்குமா என்று பெற்றோர் அறியாத நிலை அது.

1922 ஜனவரி 11 அன்று, டொரான்டோ பொது மருத்துவமனையில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அப்போது அவனுடைய எடை 30 கிலோவுக்கும் குறைவு. முதல் மருந்து போதிய அளவு தூய்மையாக இல்லாததால் பலன் தரவில்லை. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டியும் வந்தது. காலிப் தூய்மைப்படுத்திய மருந்தை ஜனவரி 23 அன்று செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது. சிறுவன் எழுந்து நடமாடினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அதே ஆண்டு கோடையில் 5 வயது டெட் ரைடர் டொரான்டோவுக்கு வந்தான். தேறிய பிறகு பான்டிங்கிற்கு எழுதிய கடிதத்தில், தான் இப்போது குண்டாகிவிட்டதாகவும் மரம் ஏற முடிவதாகவும் அச்சிறுவன் தெரிவித்தான். அவன் 1993ஆம் ஆண்டுவரை வாழ்ந்தான். 70 ஆண்டுகள் இன்சுலின் எடுத்துக்கொண்ட முதல் மனிதன் என்னும் பெயரும் அவனுக்கு உண்டு.

அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு 11 வயதில் நோய் வந்தது. 3 ஆண்டுகள் பட்டினிச் சிகிச்சையில் கழிந்தன. 1922 ஆகஸ்ட் மாதம் பான்டிங்கிடம் அழைத்து வந்தபோது, 15 வயதை நெருங்கிய அந்தப் பெண்ணின் எடை ஏறத்தாழ 20 கிலோ. இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் உடல் தேறியது. அவர் கல்லூரியில் பயின்றார், மணம் புரிந்தார், மூன்று பிள்ளைகளைப் பெற்றார், 1981இல் தம் 73ஆம் வயதில் மறைந்தார். ஆனால் தமக்கு நீரிழிவு இருப்பதை வாழ்நாள் முழுவதும் மிக நெருங்கிய சிலரைத் தவிர அனைவரிடமிருந்தும் மறைத்தே வாழ்ந்தார். இச்செய்தியைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

1991ஆம் ஆண்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் பான்டிங்கின் பிறந்தநாளை உலக நீரிழிவு தினமாகத் தேர்ந்தன. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதற்கென ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்நாளில் மருத்துவமனை வாயில்களில் நீங்கள் காணும் நீல வட்டம் இந்த இயக்கத்தின் சின்னமாகும்.

இன்றைய குழந்தைகளுக்கு நேரும் தாமதம்

பெரியவர்களிடம் நாம் அதிகம் காணும் சர்க்கரை நோய் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உடல் எடை, உணவு, உடலுழைப்பு, பரம்பரை ஆகியவற்றோடு அது தொடர்புடையது. மாத்திரைகளால் கட்டுப்படுத்த இயலும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களையே தாக்கி அழித்துவிடுகிறது. இதற்குக் குழந்தை இனிப்பு தின்றது காரணமன்று. தாய் கர்ப்பக் காலத்தில் உண்டது காரணமன்று. எவருடைய குற்றமும் அன்று. தாய்மார்கள் தம்மையே நொந்துகொண்டு எங்கள் முன் அழுவதை அடிக்கடி காண்கிறோம். ஆகவே இதை அழுத்தமாகச் சொல்கிறோம்.

பான்டிங்கின் காலத்தில் மருந்து இல்லாமையால் குழந்தைகள் இறந்தனர். இன்று மருந்து இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் கட்டணமின்றியே கிடைக்கிறது. இருந்தும் உயிருக்கு ஆபத்தான நிலையில் குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். இதற்கு நாங்கள் காணும் காரணங்கள் மூன்று.

முதலாவது, அறிகுறியை அறியாமை. குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கத்தை விட்ட குழந்தை மீண்டும் அதைத் தொடங்கும், நன்றாகச் சாப்பிட்டும் மெலியும், சோர்ந்து படுக்கும். இவற்றை வெயிலின் கொடுமை என்றோ, வளரும் வயது என்றோ, பூச்சித் தொல்லை என்றோ எண்ணிவிடுகிறோம். நாள்கள் கழியக் கழியக் குருதியில் அமிலம் சேர்கிறது. அப்போது வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம் ஆகியவை தோன்றும். வாந்தியும் வயிற்றுவலியும் இருப்பதால் அஜீரணம் என்றும், மூச்சு வாங்குவதால் ஆஸ்துமா என்றும் தவறாகக் கொள்ள இடமுண்டு. விரல்நுனியில் ஒரு துளி குருதி எடுத்து ஒரு நிமிடத்திற்குள் செய்யும் பரிசோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும். மேற்சொன்ன அறிகுறிகள் இருந்தால், 'இந்தக் குழந்தைக்குச் சர்க்கரை பார்த்துவிடலாமா?' என்று மருத்துவரை நீங்களே கேட்கலாம். அவ்வாறு கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாகக் கொள்ளமாட்டார்.

இரண்டாவது, இன்சுலினை நிறுத்துதல். ஊசி தொடங்கிய சில வாரங்களில் பல குழந்தைகளுக்கு மருந்தின் தேவை வெகுவாகக் குறையும். எஞ்சியிருக்கும் செல்கள் சற்றே ஓய்வு பெற்று மீண்டும் சுரப்பதால் நேரும் இந்த இடைக்காலத்தை மருத்துவர்கள் 'தேனிலவுக் காலம்' என்பர். சில வாரங்களோ மாதங்களோ நீடித்துப் பின் அது முடிந்துவிடும். இந்த நேரத்தில்தான், 'ஊசியை நிறுத்திவிட்டு எங்கள் மருந்தைக் கொடுங்கள், முற்றிலும் குணமாகும்' என்று யாரேனும் கூறுவார்கள். சர்க்கரையும் ஏறாமல் இருப்பதால் குடும்பம் நம்பிவிடுகிறது. பிறகு திடீரென ஒருநாள் குழந்தை மயங்கிய நிலையில் வந்து சேர்கிறது. பெற்றோரின் அன்பில் குறையில்லை; ஊசியின் வலியிலிருந்து பிள்ளையை விடுவிக்கும் ஆசையே அவர்களை அங்கே கொண்டுபோகிறது. ஆயினும், முதல் வகை நீரிழிவுக்கு இன்சுலினுக்கு மாற்றாக வாய்வழி மருந்து எதுவும் இதுவரை இல்லை. இன்சுலினை விழுங்கினாலும் வயிறு அதைச் செரித்துவிடும். அதனால்தான் அதை ஊசியாகச் செலுத்துகிறோம். காய்ச்சலோ வாந்தியோ வந்து குழந்தை சாப்பிடாதிருக்கும்போதும் இன்சுலினை முற்றாக நிறுத்தக்கூடாது. அளவை மாற்ற வேண்டுமானால் எங்களைத் தொலைபேசியில் கேட்டு மாற்றுங்கள். வாந்தி நிற்காவிட்டால் உடனே வாருங்கள்.

இங்கே நாள் பார்க்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். முன்கூட்டித் திட்டமிடும் அறுவை சிகிச்சைக்கு நல்ல நாள் பார்ப்பதை நாங்கள் மறுப்பதில்லை. மனநிறைவும் ஒரு மருந்துதான். ஆனால் மூச்சு வாங்கும் குழந்தையை 'அஷ்டமி கழியட்டும்' என்றோ 'இராகு காலம் முடியட்டும்' என்றோ வீட்டில் வைத்திருக்கலாகாது. அமில நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும்.

மூன்றாவது காரணம் மறைத்தல். எலிசபெத் ஹியூஸ் மறைத்து வாழ்ந்ததைப் போல நம் குடும்பங்களும் மறைக்கின்றன. பெண்குழந்தையாயின் இன்னும் அதிகம். 'நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே' என்னும் கவலை 7 வயதுச் சிறுமியின் பெற்றோரிடமும் உண்டு. அந்தக் கவலையை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. அதன் விலையையும் நீங்கள் அறிய வேண்டும். பள்ளியில் சொல்லாததால் மதிய ஊசி தவறுகிறது. விளையாட்டு வகுப்பில் சர்க்கரை குறைந்து மயங்கும் குழந்தைக்கு என்ன செய்வதென ஆசிரியருக்குத் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கு வெட்கப்பட வேண்டிய ஏதோ இருக்கிறது என்று குழந்தை தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. எலிசபெத் மூன்று பிள்ளைகளை நல்லபடியாகப் பெற்று வளர்த்தார் என்பதையும் மறவாதிருங்கள். அது 100 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சிகிச்சையின் பயன். இன்றைய இன்சுலின்களும் கருவிகளும் பன்மடங்கு முன்னேறியவை. சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தும் பெண் படிப்பதற்கும், பணிபுரிவதற்கும், தாயாவதற்கும் இந்நோய் தடையாகாது.

குடும்பத்தினர் நினைவில் வைக்க வேண்டியவை

சர்க்கரை குறையும்போது குழந்தைக்கு வியர்வை, நடுக்கம், கடும்பசி, காரணமற்ற கோபம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றும். உடனே குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் கொடுங்கள்; பெரிய பிள்ளைகளுக்கு 3 தேக்கரண்டி, சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் குறித்துக்கொடுத்த குறைந்த அளவு. 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சடைப்பு நேரும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்கு அழையுங்கள்.

திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறைபெட்டிப் பகுதியில் வைக்கலாகாது. ஒருமுறை உறைந்த மருந்து பயன்படாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், தண்ணீர் புகாத உறையில் போட்டு நிழலான இடத்தில் வைக்கலாம். பயணத்தின்போது வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச்செல்லாதீர்கள்.

பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் ஒரு பக்க அளவில் விவரம் எழுதிக்கொடுங்கள். சர்க்கரை பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் சிற்றுண்டி எடுக்கவும், கேட்டபோது கழிப்பறைக்குச் செல்லவும் குழந்தைக்கு அனுமதி வேண்டும் என்பதே அதில் இருக்க வேண்டிய செய்தி. அக்கடிதத்தை எழுதித்தர எங்கள் பிரிவின் செவிலியர் உதவுவார்.

வரும் நவம்பர் 14 அன்று பள்ளிகளில் குழந்தைகள் தின விழா நடக்கும், மிட்டாய் வழங்குவார்கள். நீரிழிவு உள்ள பிள்ளையை அன்று வீட்டில் நிறுத்திவிட வேண்டாம். வழங்குவது என்ன, எந்த நேரத்தில் என்று முன்னரே கேட்டு, அதற்கேற்ப இன்சுலின் அளவை எங்களிடம் தெரிந்துகொண்டு, பிள்ளையை விழாவுக்கு அனுப்புங்கள். அன்று அவர்களும் பிற பிள்ளைகளோடு சேர்ந்து ஓடட்டும், ஆடட்டும்.